முதல்ல அடுப்ப எண்ணு

கல்யாண மண்டபத்தில் கூட்டம். நாற்காலிகளுக்கெல்லாம் வெள்ளை உறை மாட்டியிருந்தார்கள். வாசலில் டீ, சமோசா. நுழையும்போதே ஒரு பெண் என் கையில் மஞ்சள் ஒட்டுச் சீட்டு நாலைந்தையும் ஒரு பேனாவையும் கொடுத்து, "இன்னும் இருபது வருஷத்துல உங்க ஏரியா எப்படி இருக்கணும்னு கனவு காண்றீங்களோ, அத எழுதி அந்தச் சுவத்துல ஒட்டுங்க மேடம்" என்றாள். என்னோடு வந்த ஆயா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கனவெல்லாம் அப்பால பாக்கலாம் கண்ணு. தண்ணி லாரி எத்தினி மணிக்கு வரும்னு இதுல எழுதி என்னாண்ட குடு."

திரையில் எங்கள் பகுதியின் வரைபடம். பள்ளிக்கூடம் இருந்தது. கோயில் இருந்தது. மெயின் ரோடு அகலமாக இருந்தது. கால்வாய் நீல நிறம். அதன் இரண்டு கரையும் பச்சை நிறம். ஒரு இளைஞர் சிவப்பு லைட்டை அந்தப் பச்சையின் மேல் ஓட்டிக் காட்டி, இங்கே நடைபாதை, இங்கே சைக்கிள் பாதை, இங்கே பெரியவர்கள் உட்கார பெஞ்ச் என்று சொல்லிக்கொண்டு போனார். ஆயா எழுந்து நின்றாள்.

"எங்க வூடு எங்கப்பா?"

"எந்த எடம்மா?"

"நீ லைட்டு அடிக்கிறியே நைனா, அந்தப் பச்ச. அங்கதான் நான் குந்தினு கீறேன்."

மண்டபம் சிரித்தது. அந்த இளைஞரும் சிரித்தார். கெட்டவர் இல்லை. "நோட் பண்ணிக்கிறோம்மா" என்றார். நோட் பண்ணிக்கொண்டார்களோ என்னவோ. மறுவாரம் செய்தி வந்தது: பொதுமக்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது, பெருவாரியான மக்கள் வரவேற்றார்கள். டீ குடித்தவர்கள் எல்லாரும் வரவேற்றவர்கள் கணக்கில் சேர்ந்துவிட்டோம்.

எங்கள் தெருவின் பெயரை எழுதாமல் விடுகிறேன். வடசென்னையில் ஒரு கால்வாய் ஓரம் என்பது போதும். எங்கள் தலை மேல் இன்னும் முடிவு தொங்கிக்கொண்டிருக்கிறது. பெயரைச் சொல்லி யாருக்கும் அடையாளம் காட்டித்தர நான் தயாரில்லை.

நண்பர்களே, 'மக்கள் பங்கேற்பு' என்கிற சொல் நம் கூட்டங்களில், நம் பத்திரிகைகளில்கூட ரொம்பப் பெருமையாகப் புழங்குகிறது. நான் கேட்கிறேன்: பங்கேற்பு என்றால் எப்போது பங்கேற்பது? படத்தில் நிறம் அடித்து முடித்த பிறகா? எந்த இடத்தில் இருப்பது, யார் யார் இருப்பது, தொழிலை எங்கே வைத்துக்கொள்வது, பிணத்தை எந்த வழியாகத் தூக்குவது, இதையெல்லாம் அவர்களே முடித்துவிடுகிறார்கள். பெஞ்சுக்குக் கல்லா இரும்பா என்பதை எங்களிடம் கேட்கிறார்கள். கல்யாணத்தையே பேசி முடித்துவிட்டுப் பெண்ணிடம் புடவைக் கலர் கேட்கிற மாதிரி.

இது இன்றைக்கு வந்த பழக்கமும் இல்லை. ஊருக்கு வெளியே சேரி என்று வைத்தவன் அன்றைக்கு யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை. கிராமம் தலித்துக்குச் சிறை, அதை விட்டு வெளியேறு என்று பாபாசாகேப் சொன்னார். வெளியேறி வந்தோம். என் தாத்தா செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து மில் வேலைக்கு வந்தவர். ஆனால் வந்த இடத்தில் நகரம் எங்களுக்குக் கொடுத்தது எது? கால்வாய்க் கரை, ரயில் தண்டவாள ஓரம், குப்பை மேடு, சுடுகாட்டுச் சுவர். கிராமத்தில் சேரிக்குத் திசை உண்டு. பட்டணத்தில் சேரிக்கு நாற்றம்தான் அடையாளம். பாபாசாகேபே பம்பாய் பரேலில் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் கட்டிய ஒண்டுக் குடித்தனச் சாலில் இருபது வருஷத்துக்கு மேல் குடியிருந்தவர்தான். அரசியல் சட்டத்தை எழுதிய கைக்குப் பொதுக் குழாய் வரிசை தெரியும். இதை நம் நகரத் திட்ட வகுப்புகளில் யாராவது சொல்கிறார்களா, எனக்குச் சந்தேகம்தான்.

1921இல் பக்கிங்காம் கர்நாடிக் மில் வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகளைக் கொளுத்தினார்கள். தொழிலாளர் ஒற்றுமை என்று நாம் இன்றைக்குப் பேசுகிற வரலாற்றில் அந்தச் சாம்பலும் கிடக்கிறது. அந்த மில்லும் 1996இல் மூடிப்போனது. மில் போன பிறகு எங்கள் ஆட்கள் கட்டட வேலை, மீன்பாடி வண்டி, வீட்டு வேலை, கார்ப்பரேஷன் குப்பை என்று ஆனார்கள். அவர்கள் நகரவில்லை. நகரம்தான் நகர்ந்து நகர்ந்து இப்போது எங்கள் கால்வாய்க் கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நாறிக்கொண்டிருந்தவரை எங்களுக்கு, மணக்கப்போகிறது என்றால் அவர்களுக்கு. மெட்ரோ வந்தது. 2024 மார்ச்சில் வடசென்னை வளர்ச்சித் திட்டம் என்று 4,000 கோடி ரூபாய்க்கு மேல் அறிவித்துத் தொடங்கினார்கள். வேண்டாம் என்று நாங்கள் சொல்வோமா? அதில் பள்ளிக்கூடம் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு. நூறு வருஷமாகக் கேட்டது. ஆனால் பள்ளிக்கூடம் வரும்போது அதில் படிக்க எங்கள் பிள்ளை இங்கே இருப்பானா? என் கேள்வி அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முற்போக்கு நண்பர்கள் சிலர் எங்கள் தெருவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுதான் உண்மையான வாழ்க்கை, இந்த நெருக்கம் அபார்ட்மெண்டில் வருமா" என்று உருகுகிறார்கள். ஐயா, நெருக்கம் எங்களுக்கு வேண்டாம். மழைக் காலத்தில் இடுப்பளவு சாக்கடையில் நின்றுகொண்டு வாழ்க்கையை ரசிக்க முடியாது. வயசுக்கு வந்த பெண் இருட்டும் வரைக்கும் கழிப்பறைக்குக் காத்திருக்கிற தெருவைப் பாதுகாக்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை. சேரி சேரியாகவே இருக்கட்டும் என்பதும் சாதிக்காரன் புத்திதான், கொஞ்சம் படித்த புத்தி. மாறட்டும். இடிக்கட்டும். ஆனால் எதை, எப்போது, யார் இருக்க, யார் சொல்லி?

தமிழ்நாட்டில் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. 1971இல் குடிசைப் பகுதிகள் சட்டம் வந்தது. ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அறிவித்துவிட்டால் அங்கே வசதி செய்து கொடுக்கும் கடமை அரசுக்கு. சும்மா தூக்கி எறிய முடியாது. 1971இல் சென்னையில் 1,202 பகுதிகளை அப்படி அறிவித்தார்கள். 1985இல் இன்னும் 17. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளாக ஒன்றுகூட இல்லை! நகரம் எத்தனை மடங்கு வீங்கியது? குடிசை மட்டும் கூடவே இல்லையாம். காகிதத்தில் ஏறாத இடத்துக்கு ஒரே ஒரு பெயர்தான் மிச்சம்: ஆக்கிரமிப்பு. இப்படித்தான் பட்டியலில் சேர்க்காமல் விடுவதாலேயே ஒரு மனிதனைக் குற்றவாளியாக்க முடிகிறது. வாரியத்தின் பெயரை 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். நல்ல தமிழ்தான். எங்கள் தெருவில் இன்னும் 'போர்டு' என்றுதான் சொல்கிறோம்.

2000க்குப் பிறகு வண்டி ஒரே திசையில் ஓடியது, தெற்கே. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். பழைய சதுப்பு நிலத்தை ஒட்டி அடுக்கடுக்காகக் கட்டிடம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரை ஜனங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். 2019 டிசம்பர் கடைசியில், பரீட்சைக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போது, சென்ட்ரல் பக்கத்தில் கூவம் ஓரமிருந்த சத்தியவாணிமுத்து நகரை இடிக்க ஆரம்பித்தார்கள். சத்தியவாணி முத்து யார்? நம் இனத்துப் பெண். மாநிலத்தில் அமைச்சர், பிறகு மத்தியில் அமைச்சர். தாழ்த்தப்பட்டோருக்கு நியாயம் இல்லை என்று 1974இல் திமுகவை விட்டே வெளியே வந்தவர். அவர் பெயரை வைத்த தெருவுக்கே புல்டோசர் போனது.

பெயர் வைப்பதில் இந்த மாநிலத்தை யாரும் மிஞ்ச முடியாது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது இந்த நகரத்துக்கே படம் போடுகிற அலுவலகம், எழும்பூரில் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது தெரியுமா? தாளமுத்து நடராசன் மாளிகை. 1939 ஜனவரியில் இந்தி எதிர்ப்புக்காகச் சிறைப்பட்டு உயிர்விட்ட நடராசன் தலித் இளைஞர். அவரையும் தாளமுத்துவையும் புதைத்த இடம் மூலக்கொத்தளம் சுடுகாடு. அந்தச் சுடுகாட்டு நிலத்தில் 2018இல் அடுக்குமாடி கட்டக் கிளம்பினார்கள், சண்டை வந்தது. செத்த தலித்துக்கு மாளிகை. உயிரோடு இருப்பவனுக்குச் சுடுகாட்டில் வீடு. இதையும் 'ஏழைகளுக்கான வீடு' என்றுதான் எழுதுகிறார்கள், அது பொய்யும் இல்லை.

சொற்களைக் கவனியுங்கள். நாங்கள் 'பயனாளி'. எங்களுக்கு 'ஒதுக்கீடு'. பழைய போர்டு வீட்டை இடித்துத் திருப்பிக் கட்டும் வரைக்கும் வெளியே வாடகைக்கு இருக்க ஒரு தொகை கொடுக்கிறார்கள். முன்பு 8,000, பிறகு 24,000 ரூபாய். அதற்குப் பெயர் கருணைத் தொகை. என் வீட்டை விட்டு நான் வெளியே நிற்பதற்குக் கொடுப்பது எப்படி கருணை? கட்டி முடிக்க ஒன்றரை வருஷம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், மாதம் ஆயிரத்து முந்நூறு சொச்சம். அந்த வாடகைக்கு எங்கே வீடு? அதுவும் "நீங்க என்ன ஆளுங்க" என்று கேட்காத வீடு?

சட்டத்தில் இடம் இருக்கிறது என்று படித்த தம்பிமார் சொல்வார்கள். இருக்கிறது. 1992இல் அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம். மூன்று லட்சத்துக்கு மேல் ஜனம் இருக்கிற நகரத்தில் வார்டு கமிட்டி வேண்டும் என்றது. 2016இலிருந்து 2022 வரைக்கும் சென்னைக்குக் கவுன்சிலரே கிடையாது. அப்புறம் எங்கே கமிட்டி? 2022இல் தேர்தல் வந்தது, மேயர் பதவி தலித் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு வடசென்னையிலிருந்தே ஒரு பெண் உட்கார்ந்தார். அன்றைக்கு எங்கள் தெருவில் கேசரி கிளறினோம், மறைக்கவில்லை. அதே வருஷம் நவம்பர் 1 அன்று பகுதி சபைக் கூட்டங்களும் நடந்தன. ஆனால் பகுதி சபைப் பிரதிநிதி நாம் ஓட்டுப் போட்டு வருகிறவர் இல்லை, நியமனம். கிராம சபையில் ஊர் வாக்காளர் எல்லாருமே உறுப்பினர். பட்டணத்து ஆளுக்கு அவ்வளவு புத்தி இல்லை என்று நினைத்தார்களா? அல்லது புத்தி இருக்கிறது என்று பயந்தார்களா?

கூட்டம் முடிந்து வந்த ராத்திரி, பொதுக் குழாயடியில் பேச்சு. எதிர்வீட்டு அக்கா சொன்னாள்: "அவன் படத்துல நாம்ப இல்லன்னா, நாம்ப ஒரு படம் போட்டா இன்னா?" அப்படித்தான் ஆரம்பித்தது. பேப்பர் ஏது? போன தேர்தலுக்குக் கட்டிய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்று கூரைக்குப் போர்த்தியிருந்தது. அதை இறக்கிக் கழுவி, பின்பக்க வெள்ளையைப் போட்டோம். தலைவர் முகம் தரையைப் பார்த்தபடி கிடக்க, அவர் முதுகில் எங்கள் தெருவை வரைந்தோம்.

எதை எண்ணுவது என்பதில்தான் முதல் சண்டை. அதிகாரிகள் வந்தால் கதவை எண்ணுவார்கள். ஒரு கதவு, ஒரு நம்பர், ஒரு ரேஷன் கார்டு, ஒரு வீடு. கதவுக்குப் பின்னால் அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம், புருஷன் விட்டுட்டுப் போன தங்கச்சி, அவள் ரெண்டு பிள்ளை. மூன்று குடும்பத்துக்கு ஒரு சாவி கிடைக்கும். அந்தச் சாவிக்காகக் கூடப்பிறந்தவர்கள் கோர்ட்டுக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். ஆயாதான் தீர்ப்புச் சொன்னாள். "கதவ எண்ணாத. முதல்ல அடுப்ப எண்ணு. எத்தினி அடுப்பு எரியுதோ அத்தினி குடும்பம்." அன்றிலிருந்து எங்கள் கணக்கு அடுப்புக் கணக்கு.

இது எங்களுக்கு முன்னால் யாரும் செய்யாததா? இல்லை. கோலார் தங்கவயல் தமிழர் ஜோக்கின் அற்புதம் பம்பாய் ஜனதா காலனியில் இருந்தவர். 1976இல் அந்தக் காலனியை இடித்து ஜனங்களைச் சீத்தா கேம்ப்புக்குத் தள்ளினார்கள். அந்த அடியில் கற்றுக்கொண்ட பாடம்தான் பிறகு அவர்களை நாங்களே எங்களை எண்ணிக்கொள்கிறோம் என்று இறங்க வைத்தது. 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகளை அப்படி எண்ணி வெளியிட்டார்கள். அரசாங்கத்தோடு ரொம்ப ஒட்டிக்கொண்டார் என்று அவர்மேல் பிற்காலத்தில் விமர்சனம் உண்டு. இருக்கட்டும், எண்ணிக்கை கையில் இருந்ததால்தான் அரசாங்கம் பக்கத்தில் உட்கார வைத்தது. கராச்சியில் ஒராங்கியில் 1980களிலிருந்து ஜனங்கள் சந்து சந்தாகச் சேர்ந்து தங்கள் காசில் சாக்கடைக் குழாய் பதித்தார்கள். அந்தக் குடியிருப்புகளுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்த பர்வீன் ரஹ்மானை 2013இல் சுட்டுக் கொன்றார்கள். படம் போடுவது அவ்வளவு சாதாரண வேலை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் படத்தில் வந்தவை: மீன்பாடி வண்டி நிறுத்துகிற இடம். இட்லிக் கடை போடுகிற நாலு முனை. மழைத் தண்ணீர் முதலில் ஏறுகிற வீடு, கடைசியில் வடிகிற வீடு. இரவில் லைட் எரியாத கம்பம். பெண்கள் தனியாகப் போகாத சந்து. இதைக் குறித்தது பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள். அவர்கள் அம்மாக்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. சாவு விழுந்தால் பாடை வைக்கிற, பந்தல் போடுகிற, பறை அடிக்கிற இடம். எட்டு மாடி போர்டு வீட்டில் என் அத்தை செத்தபோது லிஃப்டில் பாடை நுழையாமல், நாற்காலியில் கட்டி இறக்கினார்கள். அந்த லிஃப்டை வரைந்த ஆளுக்கு எங்கள் வீட்டில் சாவே விழாது என்று நினைப்போ என்னவோ.

இப்போது எழுதப்போவதை எழுத வேண்டாம் என்று எங்கள் தெருவிலேயே சொன்னார்கள். எழுதாமல் விட்டால் மேலே எழுதியதற்கெல்லாம் அர்த்தம் இல்லை.

அடுப்பு எண்ணும்போது வாடகைக்காரர்களிடம் வந்து நின்றது. "அவுங்க நேத்து வந்தவுங்க. அவுங்க பேரும் ஏறிச்சின்னா நமக்கு வர்ற வூடு கொறஞ்சிடும்." சொன்னவர் எங்கள் இளைஞர் மன்றத்தை நடத்துகிற அண்ணன். நீலக் கொடி பிடிக்கிறவர், ஜெயிலுக்கும் போனவர். அவர் வாயில் அதே 'ஆக்கிரமிப்பு' வந்துவிட்டது, சொல்தான் வேறே. பதினைந்து வருஷமாக வாடகை கொடுக்கிற அக்கா ஒன்றும் பேசாமல் எழுந்து போனாள்.

இதைவிட மோசம் ஒன்று உண்டு, அதில் நானும் கூட்டு. படம் ஏறக்குறைய முடிந்த பிறகு, நாலாவது படிக்கிற ஒரு பையன் குனிந்து பார்த்துவிட்டு, "எங்க தெரு எங்கக்கா?" என்று கேட்டான். கால்வாய் வளைகிற இடத்தில், எங்கள் தெருவுக்கும் கடைசியில், வீட்டில் தெலுங்கு பேசுகிற அருந்ததியர் குடும்பங்கள் இருக்கின்றன. எல்லாரும் துப்புரவு வேலை. எங்கள் படம் அந்த வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. ஃப்ளெக்ஸ் அங்கே தீர்ந்துவிட்டது என்று நான் சொன்னேன். பொய். நாங்கள்தான் பெரிசு பெரிசாக வரைந்து இடத்தைத் தீர்த்தோம். ஆயா மண்டபத்தில் கேட்ட அதே கேள்வி. அன்றைக்கு எனக்கு மண்டபத்து இளைஞர் மேல் ஆத்திரம் வந்தது. இன்றைக்கு அந்த சிவப்பு லைட் என் கையில் இருந்தது.

இரண்டு வாரம் சண்டை. அண்ணன் கூட்டத்துக்கே வரவில்லை. பிறகு இன்னொரு பேனரைக் கொண்டுவந்து கோணி ஊசியால் சேர்த்துத் தைத்தோம். தைத்தது அந்தக் கடைசித் தெருப் பெண்கள். அவர்கள் பக்கத்தில் வந்த முதல் குறி, சாக்கடை மூடிகள் எல்லாம். எது விஷ வாயு அடிக்கிற மூடி என்பது உள்பட. எந்த இஞ்சினியர் படத்திலும் அது இருக்காது. வாடகைக்காரர் அடுப்பும் ஏறியது, வேறு நிறத்தில் இல்லை, அதே நிறத்தில். இதை எழுதுகிற நேரத்தில் அண்ணன் திரும்பி வந்திருக்கிறார். மனசு மாறி வந்தாரா, ஆள் சேர்ந்துவிட்டது என்று வந்தாரா, நான் கேட்கவில்லை.

எங்கள் கோரிக்கை நீளமானதில்லை. வரைபடம் முதலில் தெருவிலிருந்து புறப்படட்டும், பிறகு மண்டபத்துக்குப் போகட்டும். இந்த இடத்திலேயே, இல்லையென்றால் நடந்து போகிற தூரத்தில் வீடு. அடுப்புக்கு ஒரு வீடு, அதில் பெண் பெயர். எங்கள் கணக்கும் அவர்கள் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால், தெருவிலேயே உட்கார்ந்து எல்லார் முன்னாலும் சரிபார்க்கட்டும். அதுவரை ஒரு சுவரிலும் சிவப்பு நம்பர் எழுதக் கூடாது. சமோசா வேண்டாம்.

போன மாதம் அந்த அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நீங்க ஏதோ மேப் போட்டிருக்கீங்களாமே, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்க, பார்க்கிறோம் என்றார்கள். அது ஒரு போட்டோவில் அடங்காது சார், விரிச்சா தெருவ அடைக்கும், நீங்க வந்து பாருங்க என்றேன். சரி, வர்றோம் என்றார்கள். பேனரைச் சுருட்டி ஆயா வீட்டுப் பரண் மேல் வைத்திருக்கிறோம். அவள் தினமும் தண்ணீர் பிடிக்கும்போது கேட்கிறாள்:

"இன்னாம்மே, வந்தானா?"